மணல் வளர்க்கும் ஆசிரியர்: கொழுஞ்சி

கடற்கரை மணல், ஆற்றங்கரை, சாலையோரம் எனச் சத்து குறைந்த இடங்களிலும் தானாக முளைத்துப் பூப்பது கொழுஞ்சி. மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரத்திலும் காஞ்சிபுரத்தின் பாலாற்றங்கரையிலும் காணலாம். பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்யும்போது களை என்று முதலில் பிடுங்கப்படுவதும் இதுதான். பிடுங்குவதற்கு முன் ஒரு பாடவேளையை இதற்குத் தரலாம்.

அடையாளம் காண்பது எளிது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி முழங்கால் உயரம் வளரும். பூக்கள் இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறம்; காய்கள் தட்டையாகச் சற்றே வளைந்திருக்கும். நீலச் சாயம் தரும் அவுரியும் இதே குடும்பம், தோற்றத்திலும் நெருக்கம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசலாம். கொழுஞ்சியின் சிற்றிலை நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது. பக்க நரம்புகளின் வழியே அம்புமுனை போல் பிரியும்.

மணலில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடிகளால் அதை நேரடியாக எடுக்க முடியாது. கொழுஞ்சியின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா அதைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. செடி பதிலுக்கு உணவு தருகிறது. அதனால்தான் உழவர்கள் அறுவடைக்குப் பின் நெல்வயலில் இதை வளர்த்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறார்கள். மாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை. ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதையிலிருந்து மீண்டும் முளைக்கும்.

வகுப்புக்கேற்ற செயல்பாடுகள்:

தொடக்க வகுப்பு: கூட்டிலையின் சிற்றிலைகளை எண்ணச் சொல்லுங்கள். நுனியில் ஒன்று தனித்து நிற்பதால் பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணே வரும்.

நடுநிலை வகுப்பு: விதைத்தோல் கடினமானது. 20 விதைகளை மணலோடு தேய்த்தும், 20 விதைகளை அப்படியேயும் விதைத்து, எது அதிகம் முளைக்கிறது என்று பதிவு செய்யலாம்.

உயர்நிலை வகுப்பு: மழைக்குப் பின் ஒரே ஒரு செடியை வேர் அறுபடாமல் தோண்டி, முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது செயல்படும் முடிச்சு. லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது.

கொழுஞ்சி வேரில் மீன்களை மயக்கும் நச்சுப்பொருள் உண்டு. எப்பகுதியையும் வாயில் வைக்கக் கூடாது. முடிந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

வளாகத்தின் ஒரு மூலையை மட்டும் களையெடுக்காமல் விட்டாலே போதும். செலவில்லாத அறிவியல் ஆய்வகம் ஆண்டுதோறும் அங்கே தானாக முளைக்கும்.