நாய்க்காக அழலாம்

2017ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வெளியானது. அறுபதைத் தாண்டிய பெண். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு மாரடைப்பு என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். ஆஞ்சியோ செய்து பார்த்தால் ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை. இதயத்தின் இடது கீழறை மட்டும் நுனியில் பலூன்போல உப்பி, சரியாகச் சுருங்க முடியாமல் கிடந்தது. குடும்பத்தில் பல கவலைகள் சேர்ந்திருந்த நேரத்தில், அவர் வளர்த்த சிறிய நாயும் இறந்துபோயிருந்தது.

இந்த நிலைக்கு 'டகோட்சுபோ' என்று பெயர். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தது. அதிர்ச்சியில் பெருகும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் இதயத் தசையைத் தற்காலிகமாக முடக்கிவிடுவதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், அவரும் தேறினார். அரிதான நோய்தான். ஆனால், "ஒரு நாய்க்குப் போயா இப்படி அழுவ?" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்தது நாயா மனிதரா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை.

செல்லப் பிராணியை இழந்தவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. "கேட்டைத் திறந்தா ஓடி வர்ற சத்தம் கேக்குது", "கட்டிலுக்குக் கீழ படுத்திருக்கிற மாதிரியே இருக்கு." தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சிலர் பயப்படவும் செய்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. நார்வேயில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மோசர் தம்பதியின் ஆய்வகம் 2013இல் எலிகளிடம் ஒரு சோதனை நடத்தியது. எலி நடமாடும் இடத்தில் ஒரு பொருளை வைத்துப் பழக்கி, பிறகு எடுத்துவிட்டார்கள். அந்தப் பொருள் முன்பு இருந்த இடத்துக்கு எலி வரும்போதெல்லாம் மூளையின் குறிப்பிட்ட சில நரம்பணுக்கள் துடித்தன. பொருளை எடுத்துப் பல நாட்கள் ஆன பிறகும் துடித்தன.

எலியின் மூளையில் கண்டதை அப்படியே மனிதத் துயரத்துக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் துயரத்தை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் மேரி பிரான்சிஸ் ஓகானர் இந்தச் சோதனையை முக்கியமாகக் கருதுகிறார். நமக்கு வேண்டியவர்கள் எங்கே இருப்பார்கள், எப்போது வருவார்கள் என்று மூளை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. மரணச் செய்தியைக் கேட்டதும் அது மாறிவிடுவதில்லை, அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருத்தப்படுகிறது என்பது அவர் விளக்கம். நாயோ பூனையோ அந்த வரைபடத்தில் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விடிந்ததும் கதவைப் பிறாண்டுவது, பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு வந்து நிற்பது, இரவு காலடியில் சுருண்டுகொள்வது. தூரத்து உறவினர் இறந்ததைவிட இந்த இழப்பு சிலரை அதிகம் உலுக்குவதில் வியப்பில்லை. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நீண்ட நேரம் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுவதை 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. தாயையும் சேயையும் பிணைப்பதில் பங்குள்ள அதே ஹார்மோன்.

துயரம் இவ்வளவு இருந்தும் அதை வெளிப்படுத்த இடமில்லை. அலுவலகத்தில் விடுப்பு கேட்கக் கூச்சம். துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. "வேற குட்டி வாங்கிக்கலாம், விடு" என்பதோடு ஆறுதல் முடிந்துவிடுகிறது. சமூகம் அங்கீகரிக்காத இத்தகைய துயரங்களைப் பற்றி 1989இல் துயர ஆய்வாளர் கென்னத் டோகா எழுதினார். அழுகையை மறைக்க வேண்டியிருப்பதே இங்கே கூடுதல் சுமையாகிறது. நம் ஊர் ஒருகாலத்தில் இதில் தாராளமாகவே இருந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனின் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டிலேயே பொறித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் அரிப்பது குற்றவுணர்வு. "முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்ற எண்ணம் தூங்க விடாது. வயதான நாய், பூனைகளுக்கு வரும் சிறுநீரகக் கோளாறையே எடுத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் கூடுவதற்குள் சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். போதாததற்கு, பூனைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரப் பிராணிகள். அன்போடு வளர்த்தவர் கண்ணில் படாமல் போவது இயல்பு. பிராணி வேதனை தாங்காத நிலையில் உயிரை முடித்துவைக்கும் ஊசி போடச் சம்மதித்தவர்களுக்கு இன்னும் பெரிய உறுத்தல். அந்த ஊசியில் பொதுவாக இருப்பது மயக்க மருந்து வகையைச் சேர்ந்ததுதான். அளவு கூடும்போது முதலில் நினைவு போகிறது. அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன. அந்த முடிவைக் கொலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழந்தைகளிடம் "தோட்டத்துக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். அவன் திரும்பி வருவான் என்று அவர்கள் காத்திருப்பார்கள். "தூங்கிட்டான்" என்பது அதைவிட மோசம். சில குழந்தைகள் தூங்கவே பயப்படும். செத்துப்போய்விட்டான், இனி வரமாட்டான் என்று மடியில் வைத்துச் சொல்லலாம். புதைக்கும்போது கூட வர விரும்பினால் அழைத்துப் போகலாம்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். உடன் வாழ்ந்த நாயை இழந்த நாய்களை வளர்க்கும் 426 பேரிடம் இத்தாலிய ஆய்வாளர்கள் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், 86 சதவீதம் பேர் தங்கள் நாயிடம் மாற்றம் கண்டதாகச் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆளை ஒட்டிக்கொண்டே திரிந்தது. மனிதர்கள் சோகமாக இருந்த வீடுகளில் நாயிடமும் பயம் கூடுதலாகத் தெரிந்தது. அதற்குச் சோறு வைக்கும் நேரத்தையும் நடைக்குக் கூட்டிப்போகும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இரண்டு நாட்களுக்கு மேல் எதையும் தொடாமல் கிடந்தால் துக்கம்தான் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.