பூட்டில்லாத வைஃபையும் உரிமையாளரின் இசைவும்

வீட்டிலோ கடையிலோ இணைய இணைப்பைக் கம்பியின்றிப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர் என்னும் கருவியின் அலைகள் சுவரோடு நின்றுவிடுவதில்லை; அவை அடுத்த வீட்டுக்கும் மாடிப்படிக்கும் தெருவுக்கும் பரவுகின்றன. அந்த இணைப்புக்குக் கடவுச்சொல் இடப்படாதிருந்தால், அலை எட்டும் தொலைவில் இருக்கும் எவரும் தம் கைபேசித் திரையில் தோன்றும் பெயரைத் தொட்டவுடன் இணையத்துக்குள் நுழைந்துவிடலாம். இவ்வாறு பிறர் பணம் கட்டும் இணைப்பை அவர் அறியாமல் பயன்படுத்துவது முறையா என்ற கேள்வி, சிறியதாகத் தோன்றினாலும், உடைமை, இசைவு, பொறுப்பு ஆகிய மூன்றையும் தொட்டுச் செல்கிறது.

இதில் தவறில்லை என்போர் முன்வைக்கும் வாதங்களுள் வலுவானது, ரவுட்டரே அழைக்கிறது என்பதாகும். ரவுட்டர் தன் பெயரை இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கைபேசி இணைய விரும்பினால் அதற்குத் தற்காலிக முகவரி ஒன்றையும் தானே வழங்குகிறது. ஆனால் இந்த இசைவு கருவியின் அமைப்பிலிருந்து வருவதேயன்றி உரிமையாளரின் மனத்திலிருந்து வருவதன்று. வைஃபை பரவத் தொடங்கிய ஆண்டுகளில் பல ரவுட்டர்கள் கடவுச்சொல் இல்லாத நிலையிலேயே விற்கப்பட்டன. வாங்கியவர்களில் பலருக்கு அதை மாற்ற வேண்டும் என்பதே தெரியாது. அறியாமையால் திறந்து கிடப்பதை அனுமதி என்று கொள்வது, பிறர் அறியாமையைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்வதே ஆகும்.

உரிமையாளருக்கு இழப்பில்லை என்பது இரண்டாவது வாதம். ஒரு மின்னஞ்சலைப் படிப்பதால் எவருக்கும் பெரிய குறை நேராது என்பது உண்மையே. ஆயினும் ஓர் இணைப்பின் வேகம் அதிலுள்ள எல்லாருக்கும் பங்கிடப்படுவதால், ஒருவர் திரைப்படத்தைத் தரவிறக்கும்போது மற்றவரின் காணொளி அழைப்பு தடைபடுகிறது. மாத அளவு வரையறுக்கப்பட்ட திட்டமானால், கூடுதல் கட்டணமும் உரிமையாளர் தலையிலேயே விழுகிறது.

இவற்றினும் பெரிது பழி இடம் மாறுவது. ஒரு ரவுட்டர் வழியே செல்லும் எல்லாக் கருவிகளும் வெளியுலகுக்கு ஒரே இணைய முகவரியுடன் தோன்றுவதால், அயலார் செய்த குற்றத்தின் தடம் உரிமையாளரின் வாசலில் வந்து முடிகிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்வதற்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் பாதுகாப்பற்ற வைஃபை இணைப்பு வழியே அனுப்பப்பட்டிருந்தது. குற்றத்தில் தொடர்பில்லாத அவர் காவல்துறையின் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது.

சட்டமும் இசைவையே அளவுகோலாகக் கொள்கிறது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி வலைப்பின்னலை அணுகுவதை இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சிங்கப்பூரில் அண்டை வீட்டு வைஃபையைப் பயன்படுத்திய 17 வயது இளைஞர் மீது 2006-இல் வழக்குத் தொடரப்பட்டது. மறுபுறம், ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010-இல் அளித்த தீர்ப்பு, தம் இணைப்பைத் தக்க கடவுச்சொல்லால் காக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு என்றது.

விரும்பியே திறந்து வைப்போரும் உண்டு. கணினிப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர், தம் வீட்டு வைஃபையை விருந்தினருக்கும் வழிப்போக்கருக்குமாகத் திறந்தே வைத்திருப்பதாக 2008-இல் எழுதினார். இந்திய ரயில் நிலையங்களில் 2016 முதல் வழங்கப்படும் வைஃபையோ, பயணியின் கைபேசி எண்ணைச் சரிபார்த்த பிறகே இணைப்பைத் தருகிறது. கொடுப்பவர் அறிந்து கொடுக்கும் இவ்விடங்களில் பெறுபவர் மீது குற்றமில்லை.

ஆகவே, பூட்டு இல்லாமை இசைவுக்குச் சான்றாகாது. அவசரத்தில் இணைப்புத் தேவைப்படுவோர் கதவைத் தட்டிக் கேட்கலாம். கேட்கத் தயங்க வைக்கும் செயலைக் கேளாமல் செய்வதும் தகாது. ரவுட்டர் வைத்திருப்போர் இன்றே அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்து, எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லை இடுவது தமக்கும் அண்டை வீட்டாருக்கும் செய்யும் நன்மையாகும்.