கடைமடைக்கு எட்டாத ஆக்சிஜன்

லடாக் பைக் ட்ரிப் நம்ம காலேஜ்ல பாதிப் பேரோட கனவு. லே 3,500 மீட்டர் உயரம், கார்துங் லா 5,359 மீட்டர். அங்க மூச்சு வாங்கும், தலை வலிக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. விந்தணு உற்பத்தியும் அடி வாங்கும்னு யாரும் சொல்றதில்ல. ஒரு வாரம் சுத்திட்டு திரும்புற நமக்கு இது வெறும் தகவல். ஆனா நம்ம ராணுவம் 1984-லிருந்து சியாச்சின்ல இருக்கு. அங்க மாசக்கணக்கில் டியூட்டி பார்க்கிற ஜவான்களுக்கு இது குடும்ப விஷயம்.

முதல்ல ஒரு டவுட்டை கிளியர் பண்ணிடலாம். மலை மேலயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி ஆகிவிடும். ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குத் தள்ளுவதே அந்த அழுத்தம்தான்.

சரி, விந்தகத்துக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்? அதுக்குள்ள நூல் மாதிரி மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கு. விந்தணு உருவாவது அங்கேதான். ஆனா குழாய்க்கு உள்ளே ரத்த நாளமே கிடையாது. வெளியே ஓடுற நுண்நாளங்களிலிருந்து ஆக்சிஜன் கசிஞ்சுதான் உள்ளே வரணும். வாய்க்காலில் கடைமடை வயல் மாதிரி. சாதாரண நாளிலேயே அளவாத்தான் வரும். தலைப்பில் தண்ணி குறைஞ்சா முதல்ல காயுறதும் அதுதான்.

ஆக்சிஜன் குறைஞ்சதை செல் எப்படி கண்டுபிடிக்குது? ஹிஃப்-1 ஆல்ஃபான்னு ஒரு புரதம் இருக்கு. ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு என்சைம் அதுமேல முத்திரை குத்தும். முத்திரை விழுந்ததை செல் உடைச்சுப் போட்டுடும். ஆக்சிஜன் குறைஞ்சா முத்திரை விழாது. புரதம் சேர்ந்து, நியூக்ளியஸுக்குள் போய், பஞ்சகாலத்துக்கான ஜீன்களை ஆன் செய்யும். இந்த மெக்கானிசத்தைக் கண்டுபிடிச்ச கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு பக்கம் மைட்டோகாண்ட்ரியா. அது எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றி கடைசியில் ஆக்சிஜனிடம் கொடுக்கும். வாங்கிக்க ஆக்சிஜன் போதாதப்போ வரிசை தேங்கும். நடுவழியில் நழுவுற எலக்ட்ரான், இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனோடு ஒட்டி ஃப்ரீ ராடிக்கல் ஆகும். அதாவது ஆக்சிஜன் குறைஞ்சாலும் ஆக்சிடேஷன் சேதம் ஏறும்! விந்தணுவின் சவ்வில் இந்த ராடிக்கல்கள் சுலபமாகத் தாக்கும் கொழுப்பு அதிகம். எதிர்த்து நிற்கும் என்சைம்களோ கம்மி. அதனால வாலோட வேகம் குறையும், டிஎன்ஏ-வும் உடையலாம். வளர்ற நிலையில் இருக்கும் செல்களுக்கு சேதம் அதிகமானா அவை தன்னையே அழிச்சுக்கும். எண்ணிக்கை குறைவது இப்படித்தான்.

நல்ல செய்தியும் இருக்கு. விந்தணுவுக்கு மூலமான ஸ்டெம் செல்கள் குழாயின் வெளி ஓரத்தில், ரத்த நாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. விதைநெல் பத்திரமா இருந்தா அடுத்த போகம் வரும்தானே? மலையேறும் குழுக்களிடம் நடந்த ஆய்வுகளில், குறைந்த எண்ணிக்கை கீழே இறங்கி சில மாதங்களில் மீண்டிருக்கு. தலைமுறை தலைமுறையா 4,000 மீட்டரில் வாழும் திபெத்தியர்கள் கதை வேற. ஹிஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஈபாஸ்1 ஜீனிலேயே அவங்களுக்கு மாற்றம் வந்திருக்கு. பிள்ளை குட்டிகளோடு நல்லாவே வாழறாங்க.

இதில் நாம ஞாபகம் வச்சுக்க வேண்டிய நம்பர் 74. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும்; முதிர்ந்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். ஆக மொத்தம் மூணு மாசம். லீவுக்கு வந்த வாரத்திலேயே ஒரு ஜவான் எடுக்கும் டெஸ்ட், அவர் மலையில் இருந்த நாட்களோட ரிப்போர்ட். அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. மூணு மாசம் கழிச்சு டாக்டரிடம் கேட்டு மறுபடி எடுக்கணும். குழந்தை தள்ளிப்போனா நம்ம வீடுகளில் முதல் கேள்வி இன்னமும் மருமகளிடம்தான் போகுது. சியாச்சின்ல நின்னவர் அவர். டெஸ்ட் அவருக்கும் சேர்த்துத்தான் எடுக்கணும்.