புல்லுக்கும் வெயில் வேணும் சார்!

சாண்ட்விச் என்றால் நமக்கு ரொட்டி. அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது! மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மடக்கிய கை மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கும் கேப் காட் பகுதியில். ஊருக்கும் கடற்கரைக்கும் நடுவே உப்புச் சதுப்பு. அதைத் தாண்ட 1875-லேயே மரத்தில் நடைபாலம் போட்டார்கள். 1991 ஆகஸ்டில் 'பாப்' என்று ஒரு புயல், அக்டோபர் கடைசியில் இன்னொன்று... பாலம் காலி! ஊர்க்காரர்கள் அசரவில்லை. 'பலகைக்குக் காசு கொடுங்க, உங்க பேரைச் செதுக்கறோம்' என்று வசூலில் இறங்கி, 1992-ல் சுமார் 1,350 அடி நீளத்துக்குப் புதுசாகவே கட்டிவிட்டார்கள்.

எனக்கு உடனே நம்ம ஊர்க் கோயில் ட்யூப் லைட் ஞாபகம் வந்தது. 'உபயம்' என்று ஆரம்பித்து, கொடுத்தவர், சம்சாரம், கடை விலாசம் வரை எழுதி, வெளிச்சம் வர இரண்டு அங்குலம் மிச்சம் வைப்பார்களே, அது!

சும்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை. சதுப்பில் பாலம் போடுவதில் பெரிய பிரச்னையே வெளிச்சம்தான். நடக்கிறவருக்கு அல்ல, கீழே இருக்கிற புல்லுக்கு!

"புல்லுக்குப் போயா சார் இவ்வளவு கவலை?" என்றார் சிவில் இன்ஜினீயர் நண்பர். அங்கே புல்தான் சார் முதலாளி. ஸ்பார்ட்டினா என்று, கோரை மாதிரி நெடுநெடுவென்று வளரும். அலையின் வேகத்தைக் குறைக்கும். வெள்ளம் கொண்டுவரும் சேற்றைப் பிடித்து வைக்கும். அதன் வேர்கள்தான் மண்ணைக் கட்டிப் போட்டிருக்கின்றன. மீன் குஞ்சுக்கும் நண்டுக்கும் அதுவே பிரசவ வார்டு. நிழல் விழுந்து புல் செத்தால், வேர் அழுகும், சேறு கரையும், அந்த இடம் பள்ளமாகும். புயலைத் தடுத்த காவல்காரனுக்கே வேலை போச்சு!

"அப்ப பாலமே வேண்டாமே?" வேணும் சார். பாலம் இல்லாவிட்டால் ஜனங்கள் புல்லை மிதித்துக்கொண்டே போவார்கள். ஒற்றையடிப் பாதை நாலாகும், பத்தாகும். ஆகவே பாலமும் வேணும், வெயிலும் வேணும்.

என்ன வழி? முதலில் உயரம். பாலம் தரையோடு ஒட்டியிருந்தால் கீழே எப்போதும் அமாவாசை. தூக்கிவிட்டால் சாய்வெயில் இரண்டு பக்கமும் உள்ளே புகும். அடுத்தது அகலம். ஃபுளோரிடாவில் சதுப்பின் மேல் கட்டும் படகுத்துறைகளுக்கு 2001-ல் மத்திய அரசுத் துறைகள் வகுத்த விதிப்படி, தரையிலிருந்து உயரம் 4 அடிக்குக் குறையக் கூடாது; அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, வாஸ்து! சிரிக்காதீர்கள், திசை நிஜமாகவே முக்கியம். வடக்கு-தெற்காகப் போட்டால் நிழல் காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே என்று நகரும். எல்லாப் புல்லுக்கும் கொஞ்சமாவது வெயில். கிழக்கு-மேற்காகப் போட்டால் ஒரே புல் நாள் முழுக்க நிழலில் கிடந்து சாகும்.

நான்காவதுதான் தகராறு. பலகைகளுக்கு நடுவே சந்து விட வேண்டும். பெரிய சந்தாக விட்டால் புல்லுக்குக் கொண்டாட்டம். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் திண்டாட்டம். அமெரிக்க விதிப்படி, நடக்கும் தளத்தில் துவாரம் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. இரண்டு நாற்காலிகள் விலகிக்கொள்ள 200 அடிக்கு ஒரு இடத்திலாவது 5 அடி அகலம் வேண்டும். புல்லும் மனுஷனும் ராஜியாக ஒரு வழி, சின்னச் சின்னக் கட்டமாக ஓட்டை போட்ட ஃபைபர் கிளாஸ் தளம். சக்கரம் மாட்டாது, வெயில் நிறைய இறங்கும். புயலில் அடியிலிருந்து மோதும் தண்ணீரும் ஓட்டை வழியே பீறிட்டுப் போய்விடும். பாலத்தைத் தூக்கி எறிவது குறையும்.

கட்டும்போது லாரியை இறக்கினால் கதை முடிந்தது. போட்ட பாலத்தின் மேலேயே நின்று அடுத்த காலை இறக்க வேண்டும். திருகாணி முனை வைத்த இரும்புக் கால்களைச் சின்ன மெஷினாலேயே திருகி இறக்கிவிடலாம். மரக்கால் என்றால், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் ஏற்றிய மரமா என்று பார்க்க வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் கசியும்.

நான் பி.காம். கணக்காகவே சொல்கிறேன். உயரம் கூடினால் செலவு கூடும், அதைப் பற்று என்று எழுதுவோம். புல் பிழைத்து மண்ணைக் காப்பது வரவு. ஆனால் எஸ்டிமேட்டில் முதலாவதுக்கு மட்டும்தான் காலம் இருக்கிறது, இரண்டாவதுக்கு இல்லை. அதனால்தான் எங்கே பட்ஜெட் இடித்தாலும் முதலில் வெட்டுப்படுவது பாலத்தின் கால்!

பலகைக்கு உபயதாரர் தேடுகிற கமிட்டிகளுக்கு ஒரு யோசனை. நடுவில் விடுகிற சந்துக்கும் ஒரு பெயர் எழுதி வையுங்கள்.

உபயம்: சூரியன்.