பழைய ரேஸ் இன்ஜினைப் பிரிக்கும் முன்: வண்டிப் பிரியர்களின் உரிமைகளும் ஆபத்துகளும்

ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கியதும், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் கார், வேன் இரைச்சலுக்கு நடுவே டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சத்தம் தனியாகக் கேட்கும். பெரும்பாலும் யமஹா ஆர்எக்ஸ் 100. எப்போதாவது ஒரு ராஜ்தூத் 350. வண்டிப் பிரியர்கள் அதை 'ஆர்டி' என்பார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் பெயர் வாங்கிய இன்ஜின்கள் இவை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்த பிறகும் இவற்றின் மவுசு குறையவில்லை.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350-இல் இருப்பது 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர் இன்ஜின். யமஹாவின் பந்தய வண்டிகளோடு ஒரே குடும்பத்தில் பிறந்தது. 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். எடை குறைவு என்பதால் பாய்ச்சல் அதிகம். அதன் தயாரிப்பு 1996-இல் நின்றுபோனது. இரண்டுக்குமே கம்பெனி பாகங்கள் அரிதாகிவிட்டன. அரிதான பொருள் எதுவோ, அதைச் சுற்றித்தான் போலியும் திருட்டும் வாய்வழிப் பேரமும் வளரும். இந்த இன்ஜின்களில் பணத்தை விட்டவர்கள் பலர், பெரும்பாலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே விட்டிருக்கிறார்கள். எழுத்தில் வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டதுதான் காரணம்.

வாங்கும்போது: எண்ணிலிருந்து தொடங்குங்கள்

காயலாங்கடையிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ, தெரிந்தவர் மூலமாகவோ ஒரு இன்ஜின் கிடைக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் கேஸில் பொறித்த இன்ஜின் எண்ணை. எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா? அந்த இடம் மட்டும் வழவழப்பாக, ராவிய தடத்தோடு இருக்கிறதா? சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண் தெளிவாக இருந்தால் ஆர்சி புக்கோடு ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில், அந்த வண்டி திருடுபோனதாகக் காவல்துறை பதிவில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. 'தெரியாமல் வாங்கினேன்' என்று சொல்ல வேண்டிவந்தால், கையில் இருக்கும் பில்தான் துணைக்கு வரும். விற்றவர் பெயர், முகவரி, இன்ஜின் எண், தொகை நான்கும் அதில் இருக்க வேண்டும். ஜிபே ரசீது மட்டும் போதாது.

எல்லை மாவட்டக்காரர்களுக்கு இன்னொன்று. புனலூர், கொல்லம் பக்கத்திலிருந்து கேரளப் பதிவு வண்டியை வாங்கினால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி வர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. வண்டியைப் பிரித்துப் பாகமாக விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியை ரத்துசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த எண்ணில் யாரோ செய்யும் குற்றம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

பாகம் தேடும்போது: டப்பாவை நம்பாதீர்கள்

'மேட் இன் ஜப்பான்' என்ற மூன்று சொல் போதும், பிஸ்டன் கிட்டின் விலை எகிறிவிடும். தொடக்க கால ஆர்எக்ஸ் 100 வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்கப்பட்டவை. அந்தப் பெயரை வைத்துத்தான் இன்றைய பேரமும் நடக்கிறது. பழைய டப்பாவுக்குள் புது டூப்ளிகேட்டைப் போட்டு விற்பது எளிது.

டூப்ளிகேட் பிஸ்டனால் பணம் மட்டும் போவதில்லை. உலோகக் கலவை சரியில்லாத பிஸ்டன் சூட்டில் அளவுக்கு மீறி விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். மெக்கானிக்குகள் சொல்லும் 'சீஸ்' இதுதான். ஓடும்போது இன்ஜின் சீஸ் ஆனால் பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்கத் தாமதித்தால் வண்டி சாயும். அது புளியரை எஸ் வளைவில் நடந்தால் பின்னால் வருவது மரம் ஏற்றிய லாரியாக இருக்கலாம்.

அதனால் பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை அச்சிடுவது சட்டக் கட்டாயம். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். திரும்பப் பெறுவதற்கு பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால் சட்டம் தரும் கெடு 30 நாள். போலி வணிக முத்திரையோடு விற்பவருக்கு வணிக முத்திரைச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

இணையத் தளத்தில் வாங்கினால் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் அவர்கள் தீர்வு தர வேண்டும். முகநூல் குழுவில் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 'ஆர்டி பிளாக் ஒன்று இருக்கு, பாதி அட்வான்ஸ் போடுங்க' என்று கேட்டு வாங்கிவிட்டு போன் எண்ணை மாற்றிக்கொள்கிற ஆளிடம் சிக்கினால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் இல்லாத தெரு குறைவு. 'மாமா வரும்போது ஒரு கார்புரேட்டர் கொண்டுவரச் சொல்லு' என்பது வழக்கமான பேச்சு. புதிய பாகம் என்றால் பில்லோடு வரட்டும், தீர்வை கேட்டால் கட்டிவிடலாம். பயன்படுத்திய பாகத்தைப் பார்சலில் இறக்குமதி செய்ய, வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத பார்சல் சுங்கத்தில் நின்றுபோனால், பொருளின் விலையைவிட அதை மீட்கும் செலவு அதிகமாகிவிடும்.

பட்டறையில் விடும்போது: வேலைச் சீட்டு

இன்ஜினைப் பிரிக்கும் முன்பே மெக்கானிக்கும் நீங்களும் சேர்ந்து ஒரு தாள் எழுதுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

• இன்ஜின் எண், ஒப்படைத்த தேதி, திருப்பித் தரும் தேதி.
• செய்ய வேண்டிய வேலை: போர் போடுவதா, கனெக்டிங் ராடு கிட் மாற்றுவதா, கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் சேர்த்தா.
• போர் எந்த ஓவர்சைஸ்: 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டரா, அதற்கும் மேலா. கடைசி அளவுவரை போர் போட்டுவிட்ட பிளாக்கில் அடுத்த முறைக்கு இடமில்லை. லைனர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு பிளாக் தேட வேண்டும்.
• பாகங்களை யார் வாங்கித் தருவது, எந்தப் பிராண்டு.
• கூலி, லேத் செலவு தனித்தனியாக. மதிப்பீட்டைத் தாண்டினால் கேட்டுவிட்டே செய்ய வேண்டும் என்ற வரி.
• கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி.

வேலை முடிந்து எடுக்கும்போது ரன்னிங்-இன் விதிகளையும் எழுதி வாங்குங்கள். எத்தனை கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும், ஆயில் பம்ப் வேலை செய்கிறதா, அதை அடைத்துவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலக்கச் சொல்கிறாரா, கலந்தால் என்ன விகிதம். இன்ஜின் சீஸ் ஆன பிறகு எழும் சண்டைகளில் பாதி இந்தக் கேள்விகளில்தான் வந்து நிற்கும். மெக்கானிக் 'நீ ஆயில் ஊத்தல' என்பார், நீங்கள் 'சீல் சரியா போடல' என்பீர்கள்.

மெக்கானிக்குக்கும் உரிமை உண்டு. ஒப்புக்கொண்டபடி வேலையை முடித்தவர், கூலி கிடைக்கும்வரை இன்ஜினைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தன் பொறுப்பில் உள்ள பொருளைத் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. வேலைச் சீட்டு இருவரையும் காக்கும்.

எது பழுது, எது மாற்றம்?

தேய்ந்த பிஸ்டனை மாற்றுவதும், ஓவர்சைஸ் போர் போடுவதும் பழுதுபார்ப்பு. ஆர்எக்ஸ் 100-இல் ஆர்எக்ஸ் 135-இன் 132 சிசி இன்ஜினைப் பூட்டுவது மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே மாடலின் வேறு இன்ஜினைப் பூட்டினாலும் புதிய எண்ணைத் தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

மீறினால்: அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தடுப்பைக் கழற்றிய சைலென்சரால் ஒலி வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. ஐந்தருவிச் சாலையில் வேகப் போட்டி வைத்தால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். பந்தய இன்ஜினைப் பந்தயமாக ஓட்டிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டையும் கோவைக் கரி ஸ்பீடுவேயும் இருக்கின்றன. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, வண்டிக்கான சேதத் தொகையை காப்பீட்டு நிறுவனம் மறுக்கவும் கூடும்.

புகைச் சான்று டூ ஸ்ட்ரோக்குக்கும் கட்டாயம். 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம். அந்தத் தளர்வுக்குள்ளும் வராத இன்ஜினைச் சரியாகக் கட்டவில்லை என்றே பொருள்.

'விண்டேஜ்' என்று எதைச் சொல்கிறது சட்டம்?

விற்பவர் வாயில் எல்லாம் விண்டேஜ்தான். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியே விண்டேஜ். சேஸி, இன்ஜின் போன்றவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம், தினசரி சந்தைக்குப் போக முடியாது.

1983 ராஜ்தூத்துக்கு அந்தத் தகுதி வர 2033 ஆகும். ஆர்எக்ஸ் 100-க்கு 2035. அதுவரை இவை வழக்கமான பழைய வண்டிகளே: 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிப்பு, 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 2,000 ரூபாய் கட்டணம். என்றாவது விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர் இன்றே மூல பிளாக்கையும் கிராங்க் கேஸையும் வெட்டாமல் பாதுகாக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை, இன்ஜினை வேறு மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிரித்த பிறகு பழி யார் மீது என்று நிரூபிப்பது கடினம். முதல் மெக்கானிக்கை எழுத்தில் அழைத்து, அவர் முன்னிலையில் வீடியோ எடுத்துக்கொண்டே திறக்கச் செய்யுங்கள். வர மறுத்தால் அந்த மறுப்பும் ஒரு சான்றாகும்.

அடுத்து, குறையையும் கேட்கும் தீர்வையும் சொல்லிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும். பணத்தைத் திருப்பித் தரவும், பாகத்தை மாற்றித் தரவும், இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

இரண்டு வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். நண்பர் காசு வாங்காமல் செய்துகொடுத்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. செலவு செய்ய வசதியில்லாதவர்கள் 15100-இல் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

இன்ஜின் வாங்கிய பில், பாகங்களின் பில், வேலைச் சீட்டு, புதுப்பித்த ஆர்சி இந்த நான்கையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருப்பவருக்குச் சோதனைச் சாவடியிலும் ஆணையத்திலும் பேச வேண்டிய பேச்சு குறைவு. அடுத்த முறை யாராவது 'பில் எதுக்குத் தம்பி, நம்ம ஆளுதான' என்றால், 'அதனாலதான் அண்ணே கேக்கேன்' என்று சொல்லி வாங்கிவிடுங்கள்.