எஞ்சின் கட்டுவோம் – 9: சூட்டை எங்கே இறக்குவது?

போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கியாயிற்று. அடுத்து எல்லோரும் கேட்பது, "எந்த வால்வு போடலாம்?" கடைக்காரர் டைட்டானியத்தை எடுத்து நீட்டுவார். விலையைக் கேட்டதும் நாமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அந்தப் பேச்சு அத்தோடு முடிவதுதான் சிக்கல். வால்வைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அது உட்காரும் சீட், ஓடும் கைடு, இழுத்து மூடும் ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

செவ்ரலே நிறுவனம் 2006 மாடல் கார்வெட் இசட்06 காருக்காகக் கட்டிய எல்எஸ்7 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 7 லிட்டர், 505 குதிரைத்திறன், 7,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். இவ்வளவுக்கும் பழைய புஷ்ராட் அமைப்புதான், சிலிண்டருக்கு இரண்டே வால்வுகள். சிலிண்டர் விட்டம் 104.8 மி.மீ. இன்டேக் வால்வு 56, எக்ஸாஸ்ட் 41. கூட்டினால் 97. மிச்சம் இருப்பது 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. இதற்கு மேல் பெரிய வால்வு வேண்டுமென்றால் சிலிண்டர் சுவரைத்தான் நகர்த்த வேண்டும்!

இன்னொரு கணக்கும் உண்டு. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயரம் எழும்போது, அதைச் சுற்றித் திறக்கும் இடைவெளியும் வால்வுத் தலையின் பரப்பும் சமமாகிவிடும். 56-ல் கால் பங்கு 14. எல்எஸ்7-இல் கொடுத்திருக்கும் லிஃப்ட் சுமார் 15 மி.மீ. அளவு பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இத்தனை பெரிய இன்டேக் வால்வை எஃகில் செய்தால் எடை தாங்காது. டைட்டானியம் எஃகைவிட 40 சதவீதம் வரை இலகு. அதனால் முந்தைய எல்எஸ்2 எஞ்சினின் எஃகு வால்வைவிடப் பரப்பு 22 சதவீதம் கூடியும், எடை 21 கிராம் குறைந்தது. 21 கிராம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். 7,000 ஆர்.பி.எம்.மில் ஒரு வால்வு விநாடிக்கு 58 தடவை திறந்து மூடுகிறது. வேகம் 6,000-லிருந்து 7,000-க்கு ஏறினால் ஸ்பிரிங் அடக்க வேண்டிய விசை 36 சதவீதம் கூடும். ஸ்பிரிங் தோற்றால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும். மிதக்கும் வால்வு பிஸ்டனைச் சந்தித்தால் ஹெட், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு.

அப்படியானால் எக்ஸாஸ்டிலும் ஏன் டைட்டானியம் போடவில்லை? 1998-இல் டொயோட்டா தன் ஆல்டெஸா காரில் இரண்டு பக்கமும் போட்டுக் காட்டியதுதான். ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் எடையைவிடச் சூடுதான் பெரிய எதிரி, டைட்டானியமோ சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. எரிந்த வாயுவில் குளிக்கும் வால்வு, தன் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கை மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. மீதி, தண்டு வழியாகக் கைடுக்குப் போகிறது.

அதனால் எல்எஸ்7-இல் எக்ஸாஸ்டுக்குச் சோடியம் அடைத்த வால்வு. தண்டு குழாய் போலக் குடையப்பட்டு, உள்ளே பாதிக்குச் சற்று மேல் சோடியம் இருக்கும். 98 டிகிரி செல்சியஸில் அது உருகி, தேங்காய்க்குள் தண்ணீர் போலக் குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டுபோகும். யோசனை புதிதல்ல. 1920-களில் அமெரிக்காவின் மக்குக் ஃபீல்டில் விமான எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய சாம் ஹெரான், பாதரசம், உப்புக் கலவை என்று முயன்று கடைசியில் சோடியத்துக்கு வந்தார். 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய முப்பத்து மூன்றரை மணி நேரமும் ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினில் ஓடியவை அவ்வகை வால்வுகள்தான்.

இத்தனை நேர்த்தியான எல்எஸ்7-க்கும் கெட்ட பெயர் வந்தது. கைடு சீக்கிரம் தேய்கிறது, எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து விழுகிறது என்று உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். பலர் குடைவு வால்வைத் தூக்கிவிட்டு, முழு எஃகு வால்வு மாட்டினார்கள். முறியும் பயம் குறையும், உண்மை. ஆனால் எடை கூடும். பழைய ஸ்பிரிங்கையே விட்டுவைத்தால் முன்பு சொன்ன மிதப்பு வந்து நிற்கும். கைடும் சீட்டும் ஒரே மையத்தில் இல்லாவிட்டால் எந்த உலோகமும் பிழைக்காது. ஒவ்வொரு முறை மூடும்போதும் தலை ஒரு பக்கம் வளையும், சூடு இறங்க வழியில்லாமல் போகும். என்னைக் கேட்டால் முதல் காசு மெஷின் ஷாப்புக்கு, இரண்டாவது காசுதான் வால்வுக்கு.

டர்போ இல்லாத எஞ்சினைக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, எக்ஸாஸ்டில் 21-4என் எஃகு போதும். 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கொஞ்சம் நைட்ரஜன். டர்போ இருந்து, சூடு நெடுநேரம் நீடித்தால் இன்கோனல். டைட்டானியம் மாட்டினால் சீட்டையும் அதற்கேற்ற செம்புக் கலவையில் மாற்றுங்கள், தண்டின் நுனிக்குக் கெட்டித் தொப்பி போடுங்கள். பூச்சுள்ள வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டாம், பூச்சு போய்விடும்.

வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பல எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டு உலோகங்களை ஒட்டியவை. தண்டில் காந்தம் பிடிக்கும், தலையில் பிடிக்காது. பிடிப்பு விடும் இடம்தான் ஒட்டு. வால்வு முழுதும் திறந்தாலும் அந்த ஒட்டு கைடுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஹெட் மெஷின் ஷாப்பிலிருந்து வந்ததும் வால்வின் விளிம்பில் நீல மை தடவி உட்கார வைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்டில் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. அகலத்துக்கு வளையம் முழுசாகப் படிய வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் பணம் கொடுக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கழற்றிய பழைய சோடியம் வால்வை அறுத்துப் பார்க்க வேண்டாம். தண்ணீர் பட்டால் சோடியம் வெடித்து எரியும். பழைய இரும்புக் கடையில் போடுவதாக இருந்தால், உள்ளே சோடியம் இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஸ்பிரிங் அடுத்த வாரம்.