கல்லாறு செக்போஸ்ட்டில் நின்றபடி நிரப்ப முடியுமா? வெப் பேஜ் லேஅவுட்டுக்கு நீலகிரி இ-பாஸ் தரும் பாடம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால், 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் வந்தது. பாஸ் எடுக்காமல் மலையடிவாரம் வரை வந்துவிட்டவருக்கு கையில் இருப்பது செல்போன் மட்டும்தான். பின்னால் ஹாரன் சத்தம், சிக்னலோ ஒரே ஒரு கோடு. இப்படியொரு பக்கத்தை வடிவமைப்பவர், அவரை மனதில் வைத்துத்தான் முதலில் பேப்பரில் லேஅவுட் வரைய வேண்டும்.

முதல் ஸ்கிரீனில் ஒரே வேலை: ‘இ-பாஸ் எடுக்க’ பட்டன்தான் மேலே இருக்கணும். மலர்க் கண்காட்சி படங்கள், விதிமுறைகள் எல்லாம் அதற்குக் கீழே. பெரிய படம் லோட் ஆவதற்குள் பொறுமை போய்விடும்.

ஒன்றின் கீழ் ஒன்று: வாகன எண், பயணிகள் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள், தங்குமிடம் என ஒரே வரிசையில் கட்டங்கள் இறங்கி வந்தால் ஜூம் பண்ணும் வேலை மிச்சம்.

தப்பு நேர்ந்தால்: அந்தக் கட்டத்தின் கீழேயே எளிய தமிழில் சொல்லணும். ஏற்கெனவே நிரப்பியது அழியக் கூடாது.

ஆபீஸ் வைஃபையில் பார்த்துவிட்டு ‘சூப்பர்’ சொல்லிடாதீங்க. மொபைல் டேட்டாவில் திறந்து, அப்பா கையில் போனைக் கொடுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, லேஅவுட்டில் திருத்த வேண்டிய இடம் அதுதான்.